பத்துப் பக்கக் கையெழுத்து

எங்க ஊராட்சிக்கு அஞ்சு வருஷம் நான் தலைவர். போர்டுல அப்படித்தான் எழுதியிருந்துச்சு. ஆனா தெருவுல யாராவது தலைவரேன்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்குறது எங்க வூட்டுக்காரரு. நான் தலைவரம்மா. பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிட்டதால அவரு நிக்க முடியல, என்னைய நிறுத்தினாரு. செந்துறைப் பக்கம் பல ஊர்ல இதே கதைதான்.

ஜெயிச்ச புதுசுல அரியலூர்ல பயிற்சி வச்சாங்க. வகுப்பெடுத்த மேடம் உள்ளாட்சி, தன்னாட்சி, சுயாட்சின்னு போர்டுல வரிசையா எழுதிட்டு, தன்னாட்சின்னா என்னங்கன்னு எங்களையே கேட்டாங்க. அத்தன பொம்பளைங்க இருந்தோம், ஒருத்தியும் வாயத் தொறக்கல. நம்ம காரியத்த நாமளே முடிவு பண்றது, அதுல அடுத்தவங்க கை இருக்கக் கூடாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. எழுதிக்கிட்டோம். வெளிய எங்கள ஏத்திக்கிட்டுப் போக புருஷமாருங்க பைக்கோட காத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

எங்க ஊர்ல தன்னாட்சிக்கு வேற பேரு. ஆம்பள தானா முடிவெடுத்தா சொந்தப் புத்தி உள்ளவன். பொம்பள எடுத்தா தான்தோன்றி, அடங்காப்பிடாரி. நான் அந்தப் பேரெல்லாம் வாங்கல. தங்கமான பொண்ணுன்னு பேரு வாங்கினேன். அத நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

கையெழுத்து மட்டும் நாந்தான் போடணும். முந்திரிக்கொட்டை பொறுக்குற நாள்ல விடிஞ்சதும் கொல்லைக்குப் போயிருவேன். ஊராட்சிச் செயலரு தீர்மான நோட்ட வச்சுக்கிட்டு வூட்டுல காத்துக் கெடப்பாரு. ஒருநாள் அவரு சலிச்சுக்கவும், பத்துப் பக்கத்துல கீழ போட்டு வச்சிட்டுப் போ, மேல அவரு எழுதிக்குவாருன்னாரு எங்க வூட்டுக்காரரு. கூடைய இடுப்புல வச்சுக்கிட்டே பத்துப் பக்கத்துலயும் போட்டேன். அப்பாடா, தொல்ல விட்டுச்சுன்னு எனக்கும் நிம்மதிதான். யாரும் என் கையப் புடிச்சு அமுக்கல.

ஆடி மாசம் கல்லு லாரி பேச்சு வந்துச்சு. சுண்ணாம்புக்கல் வெட்டுற எடத்துலேருந்து மெயின் ரோட்டுக்குக் கீழத்தெரு வழியாப் போனா சுருக்கு. அந்தத் தெருவுலதான் பள்ளிக்கூடம். கீழத்தெருப் பொம்பளைங்க அவரு இல்லாத நேரம் பாத்து என்னையத் தேடி வந்தாங்க. புள்ளைங்க நடமாடுற தெரு, லாரிய விட்டுடாதீங்க அக்கான்னாங்க. நான் இருக்கிற வரைக்கும் விட மாட்டேன்னு சொன்னேன். யாரையும் கேக்காம நானாக் குடுத்த மொத வாக்கு அது. ராத்திரி சோறு போடும்போது அவருகிட்ட சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல. பேசலன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டேன், பைத்தியக்காரி.

சுதந்திர தினத்தன்னிக்குப் பள்ளிக்கூடத்துல கிராம சபை. நானே எந்திரிச்சேன். கீழத்தெருவுல லாரி போகாதுன்னு சொன்னேன். பொம்பளைங்க கை தட்டினாங்க. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. செயலரு மெதுவா நோட்ட என் முன்னாடி விரிச்சு வச்சாரு. லாரி போக ஆட்சேபணை இல்லைன்னு போன மாசமே தீர்மானம். உறுப்பினருங்க கையெழுத்த வூடு வூடாப் போயி வாங்கியிருந்தாங்க. கீழ என் கையெழுத்து, கோணாம மாணாம.

எங்க வூட்டுக்காரரு குனிஞ்சு என் காதுல சொன்னாரு. "வெறுந்தாள்ல போட்டேன்னு சொல்லித்தான் பாரேன். மொத கேசு உன் மேலதான் வரும்."

உக்காந்துட்டேன். கூட்டம் கலைஞ்சதும் செயலரத் தனியாப் புடிச்சு, இத ரத்து பண்ணணும், என்ன வழின்னு கேட்டேன். பாவம், மரியாதையாத்தான் பதில் சொன்னாரு.

"அதுக்கு இன்னொரு தீர்மானம் போடணுங்கம்மா. தலைவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

அடுத்த வாரம் லாரி ஓட ஆரம்பிச்சுச்சு. ரெண்டாம் நாளே கீழத்தெருப் பொம்பளைங்க எங்க வூட்டு வாசலுக்கு வந்துட்டாங்க, மூஞ்சியெல்லாம் வெள்ளத் தூசி. அவரு நாற்காலியில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. நீங்களா அக்கா கையெழுத்துப் போட்டீங்கன்னு ஒருத்தி கேட்டா. எப்பவும் நான் வாயத் தொறக்கறதுக்கு முந்தி பதில் சொல்ற மனுசன், அன்னிக்குப் பேப்பர்லேருந்து தலைய நிமித்தல.

"ஆமா, நாந்தான் போட்டேன்"னு சொன்னேன்.