கப்பல் தங்கமும் பீலியில் விழுந்த தோடும்

ஒரு நாள் சாயங்காலம் டிவியில் அந்தக் காலத்து நீராவிக் கப்பல் ஒன்றைப் பற்றிக் காட்டினார்கள். தங்கக் காசும் கட்டியுமாக ஏற்றி வந்த கப்பல் புயலில் மூழ்கி, நூறு வருசத்துக்கு மேல் கடலடியில் கிடந்ததாம். ஒரு இயந்திரத்தை இறக்கித் தேடினார்கள். சேறு கலங்கினால் ஒன்றும் தெரியாதென்று, கலங்கல் அடங்கும்வரை அதை அசையாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவ்வளவு தங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படித்தான் பொறுமையாக இருந்தார்களோ.

பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "தேயிலத் தோட்டத்துக்கு நம்ம பாட்டன் வந்த கப்பலு முங்கியிருந்தா என்னத்த எடுத்திருப்பாங்க? ஓட்டச் சட்டியும் கம்பளியும்தான்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் காலையில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் முகம் கழுவும்போது என் மருமகளின் தோடு ஒன்று கழன்று கானுக்குள் விழுந்துவிட்டது. மலைத் தண்ணீர் பீலிக் குழாயிலிருந்து கொட்டி, கான் என்கிற அந்தச் சின்ன வாய்க்கால் வழியாகத்தான் தேயிலைக்குள் ஓடும். அவளுடைய அம்மா சாகக் கிடந்தபோது தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்த தோடு அது. அவள் அழக்கூட இல்லை. வெறுங்காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தண்ணீருக்கு வந்த பெண்கள் எல்லோரும் கானுக்குள் இறங்கிவிட்டார்கள். ஒருத்தி மண்வெட்டியோடு வந்தாள். தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்குக் கலங்கிப்போனது. விட்டால் தோடு அடித்துக்கொண்டு போய்விடும்.

நான் நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிட்டால்கூட மெதுவாக "ஆமாங்க" என்றுவிட்டுப் பின்னால் போய் நிற்பேன்.

"எல்லாரும் மேல ஏறுங்க. கலக்காதீங்க" என்றேன்.

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "கப்பல்காரம்மா பேசிட்டாங்க, ஏறுங்கடி" என்றாள்.

கானின் கீழ்வாயைச் சாக்கு வைத்து அடைத்தோம். குழாய்க்கு அடியில் வாளியை மாற்றி மாற்றிப் பிடித்துத் தண்ணீரை வேறு பக்கம் ஊற்றினார்கள். கலங்கல் அடங்கியது. தோட்டைக் காணோம். எல்லோரும் என்னைப் பார்க்க எனக்கு வேர்த்துவிட்டது. அரிசியில் கல் அரிக்கும் சட்டியை எடுத்துவரச் சொல்லி, கான் மணலை அள்ளிப்போட்டுத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி வடித்தேன்.

முதலில் சட்டைப் பொத்தான் ஒன்று வந்தது.

"புதையல் வர ஆரம்பிச்சிருச்சு. கப்பல்காரம்மா, எங்களுக்கும் பங்கு உண்டுல்ல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அப்புறம் ஒரு கொலுசு மணி. அதற்கும் பிறகுதான் சட்டியின் அடியில் கறுப்பு மணலோடு தோடு கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மருமகள் அழுதாள்.

திருகாணி கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் பதுளைக்குப் போய் வாங்கி வந்தான்.

இப்போது முகம் கழுவப் போனால் மருமகள் தோடு இரண்டையும் கழற்றி என் கையில் தந்துவிடுகிறாள். "கப்பல்காரம்மா, கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்கிறாள். அவள் முகம் துடைக்கும்வரை கையை மூடிக்கொண்டு நிற்கிறேன். பெண்கள் கேலி பேசினாலும் எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.