கடலை வேரில் இல்லாத செல்கள்

எங்கள் கல்லூரியின் தாவரவியல் துறையில் மைக்ராஸ்கோப்பைக் கும்பிடத்தான் வைத்திருந்தார்கள். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு குனிய வேண்டும். "தெரியுது சார்" என்று சொல்ல வேண்டும். பிறகு நிமிர்ந்து, போன வருஷத்து மாணவன் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டைப் பார்த்து வரைய வேண்டும். அவன் அதற்கு முந்தின வருஷத்து நோட்டைப் பார்த்து வரைந்திருப்பான். இந்தப் பரம்பரைச் சொத்து எந்த மூதாதையிடமிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. தூத்துக்குடி உப்புக் காற்றில் பாதி லென்ஸ்கள் பூத்துக் கிடந்ததால், உள்ளதைப் பார்த்து வரைய நினைப்பவனுக்குத்தான் கஷ்டம்.

எழுபதுகளின் நடுவில் அங்கே பி.எஸ்ஸி. கடைசி வருஷம் படித்தேன். முதல் வகுப்பு வாங்கினால் எம்.எஸ்ஸி.க்கு அனுப்புவதாக அப்பா சொல்லியிருந்தார். வாங்காவிட்டால் மாமாவின் உப்பளத்தில் மேற்பார்வை. முழங்கால் வரை வேட்டியை மடித்துக்கட்டி, வெயிலில் நின்று, உப்பு வாரும் பெண்களை அதட்டுகிற வேலை. மாமா அதைச் சுகமான உத்தியோகம் என்பார். அவர் ஒரு நாளும் அங்கே பத்து மணிக்கு மேல் நின்றதில்லை.

அந்த வருஷப் பாடத்தில் வேர்முடிச்சு இருந்தது. பயறு வகைச் செடிகளின் வேரில் மணிமணியாக இருக்குமே, அது. அதை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி, உள்ளே செல்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்து வரைய வேண்டும். புத்தகத்தில் இருந்தது பட்டாணி வேர்முடிச்சின் படம். நடுவில் பாக்டீரியா அடைத்த பெரிய செல்கள், அவற்றுக்கு இடையிடையே ஒன்றுமில்லாத காலி செல்கள். தூத்துக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பட்டாணியை யார் பயிரிடுகிறார்கள்? அட்டெண்டர் அண்ணாச்சி சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண்ணிலிருந்து ஒரு கட்டு நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டார்.

முடிச்சு ஒவ்வொன்றும் மிளகில் பாதி இருந்தது. பிளேடால் அறுத்தால் உள்ளே ஈறு போல இளஞ்சிவப்பு. பூக்காத லென்ஸ் உள்ள மைக்ராஸ்கோப்பைப் பிடிப்பதற்காக அன்று அரை மணி முன்னாலேயே போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு சீவல் வீணான பிறகு ஒன்று சரியாக அமைந்தது. சுற்றிலும் புறணி, அதற்குள் அங்கங்கே குழாய்க் கற்றைகள், நடுவில் செல்கள். எல்லாம் நிரம்பிய செல்கள். சாயத்தை உறிஞ்சிச் சிவந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கலியாணப் பந்தியில் இலைக்கு இலை ஆள் உட்கார்ந்த மாதிரி. காலி செல் மருந்துக்குக்கூட இல்லை. சீவலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். இல்லை. இல்லாததை விட்டுவிட்டு, உள்ளதை வரைந்தேன். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள்.

பேராசிரியர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் பரீட்சை அறைக்குள் கால் வைக்க முடியாது. அந்தக் கையெழுத்துப் பேனாவை அவர் செங்கோல் மாதிரி சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்திருப்பார்.

"காலி செல் எங்கலே?"

"இதுல இல்ல சார். நல்லாப் பாத்துட்டேன். இது கடலை, புஸ்தகத்துல இருக்கது பட்டாணி."

"பட்டாணியாவது கடலையாவது, எல்லாம் ஒரே குடும்பந்தானலே. அழிச்சிட்டு ஒழுங்கா வரஞ்சிட்டு வா."

ஒரே குடும்பத்தில், ஒரே தாய் வயிற்றில் பிறந்த எனக்கும் என் அண்ணனுக்கும் மூக்கே வேறு. அதை அவரிடம் சொல்ல முடியுமா? மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை பாருங்கள் சார் என்று மட்டும் கெஞ்சினேன். இருபது வருஷமாக இந்தப் பாடம் நடத்துகிறவருக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். இருபது வருஷமும் அவர் பார்க்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அழித்துவிட்டு மறுபடியும் பார்த்ததையே வரைந்தேன். மறுபடியும் அழிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை நோட்டைத் திறக்கவே இல்லை, மேசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார். பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது.

"ஏலே தம்பி, நாலு வட்டத்த வெறுமன விட்டா உனக்கு என்ன கொறஞ்சா போகும்?" என்றார் அட்டெண்டர் அண்ணாச்சி. "அவருகிட்டப் போயி மல்லுக்கு நிக்கியே."

உப்பளம் கண் முன்னே வந்தது. கடைசியாக ஒரு தடவை அழித்து, சிவந்த செல்களுக்கு நடுவே ஆறு காலி செல்களை வைத்தேன். பேராசிரியர் கையெழுத்துப் போட்டு, 'நன்று' என்றும் எழுதினார்.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். ஒல்லியான மனிதர். தேர்வாளருக்கு மக்ரூன் இனிப்புப் பெட்டி வாங்கி வைப்பது எங்கள் துறையின் பழக்கம், சில வருஷம் அதுதான் துறையின் ஒரே ஆராய்ச்சிச் செலவாக இருந்திருக்கும். இவர் பெட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு நேராக மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். எனக்கு வேர்முடிச்சு வந்திருந்தது. சீவலைப் பார்த்தார், என் ரெக்கார்டைப் பார்த்தார்.

"இந்தக் காலி செல்லையெல்லாம் நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"எனக்கு ஒண்ணு காட்டுங்க."

சீவலை மேலும் கீழும் நகர்த்தினேன். இல்லாததைத் தேடுகிறவனுக்கு வியர்ப்பது போல வேறு யாருக்கும் வியர்க்காது. கடைசியில் ஓரத்தில் கறுப்பு விளிம்போடு வட்டமாக ஒன்று தெரிந்தது. "இதோ சார்" என்றேன்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது காத்துக் குமிழி தம்பி. கடலை முடிச்சுல காலி செல்லே கிடையாது. எட்டு வருஷமா நான் அறுத்துக்கிட்டு இருக்கிறதே இதைத்தான்."

எனக்குப் பின்னால் நின்ற பேராசிரியர் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நூறு தடவ சொல்லிட்டேன் சார், கண்ணால பாத்தத மட்டும் வரைங்கலேன்னு. எங்க கேக்கானுவ? புஸ்தகத்தப் பாத்து அப்படியே இறக்கிருதானுவ."

தேர்வாளர் நோட்டைக் கையில் எடுத்தார். அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திரும்பத் திரும்ப ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் நைந்து வெளிச்சம் கசிந்தது.

"இங்க வேற ஏதோ இருந்திருக்கு. முதல்ல என்ன வரைஞ்சீங்க?"

அவர் கையில் மார்க் போடும் பேனா திறந்தே இருந்தது. கேட்ட தோரணையிலேயே, பதில் அவருக்குத் தெரியும் என்பது தெரிந்தது. என் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான். நான் பேராசிரியர் முகத்தைப் பார்த்தேன். நன்னடத்தைச் சான்றிதழ் அவர் கையில் இருந்தது, மறுநாள் இன்னொரு பிராக்டிகலும் இருந்தது.

"முதல்லயும் இதேதான் சார்."

அவர் நோட்டை மூடினார். பிறகு மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ரிசல்ட் வந்தபோது, அந்த ஒரு கேள்வியில் போன மார்க்கோடு முதல் வகுப்பும் போயிருந்தது. சான்றிதழ் வாங்கப் பேராசிரியர் அறைக்குப் போனேன். நடத்தைக்கு நேரே 'மிக நன்று' என்று எழுதி, எழுந்து வந்து தோளில் தட்டினார்.

"நீ விசுவாசமான பயலே," என்றார்.

நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன்.