மார்லிஸ் கேட்ட பதினெட்டு நிமிடம்

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், பனி தள்ளும் வண்டிகளுக்கு வழி சொல்லும் அலுவலகத்தில் நானும் வேலை பார்க்கிறேன். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் மார்லிஸ் எங்கெப்ரெட்சன். வயது ஐம்பத்தேழு. மதியம் ஊறுகாய் மீன் கொண்டுவருவார். அதன் வாடையால் தனியாகவே சாப்பிடுவார்.

அந்த ஜனவரியில், வண்டிகள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் சர்வர் மூன்று முறை செத்து விழுந்தது. ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளர் வெர்லின் ஓடிப்போய் பட்டனை அழுத்திக் கிளப்பிவிடுவார். அதோடு, விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததெல்லாம் அழிந்துபோகும். ஏன் விழுந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வது? சர்வரை விற்ற கம்பெனியோ, "உங்க கரண்ட்லதான் கோளாறு" என்று கைவிரித்தது.

மார்லிஸ் ஒரு ஏற்பாடு செய்தார். நினைவகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, கணினியை இயக்கும் மூல நிரலான கெர்னலில் இன்னொன்றைச் சின்னதாக அங்கே உட்காரவைத்தார். பெரியது விழுந்தால் இது எழுந்து, விழுந்ததன் நினைவு முழுவதையும் சேமிப்பு வட்டில் நகலெடுக்கும்; பிறகு சர்வர் தானாகக் கிளம்பும். பனியில்லாத ஒரு ஞாயிறு, வேண்டுமென்றே சர்வரை விழவைத்துப் பார்த்தார். வட்டில் இடம் போதாமல் நகல் பாதியில் நின்றது. இடம் கூட்டி மறுபடி விழவைத்தார். இந்த முறை பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது.

வியாழன் காலை, கொட்டும் பனியில், சர்வர் உண்மையிலேயே விழுந்தது. வெர்லின் பட்டனை நோக்கி வந்தார்.

"பதினாலு வண்டி ரோட்ல நிக்குது மார்லிஸ்!"

"கையை எடு. பதினெட்டு நிமிஷம் குடு."

"அதுக்குள்ள ஊரே மூடிப்போயிடும்!"

"மூடாது. ஓட்டறவங்களுக்கு ரோடு தெரியும். எங்க இருக்காங்கன்னு ரேடியோல கேளு. இப்ப அழுத்தினா அடுத்த வாரமும் இதே கூத்துதான்."

"உன் பிடிவாதம் இருக்கே..." என்று முனகியபடி வெர்லின் ரேடியோவை எடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் சுவர் வரைபடத்தில் வண்டிகளுக்கான காந்தங்களை நகர்த்தினேன். "என்ன, இன்னைக்குத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா?" என்று ஓர் ஓட்டுநர் கேட்க, வெர்லினே சிரித்துவிட்டார்.

திரையில் நகலின் அளவு எழுபத்தொரு சதவீதத்தில் அசையாமல் நின்றது. மார்லிஸ் இமைக்கவில்லை. பிறகு நகர்ந்தது. நூறு.

இரண்டு நாள் அந்த நகலோடு உட்கார்ந்தார். வண்டிகளின் சிக்னலை வாங்கும் அட்டையை இயக்கும் 'டிரைவர்' என்ற நிரல், நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் எழுதி சர்வரை விழவைத்துக்கொண்டிருந்தது. ஆதாரத்தைக் கம்பெனிக்கு அனுப்பினார். ஐந்தாம் நாள் திருத்திய நிரல் வந்தது.

"ஸாரின்னு ஒரு வார்த்தை எழுதலையே?" என்றார் வெர்லின்.

"சரி பண்ணிட்டாங்கல்ல? போதும்."

பனிக்காலம் முடியும்வரை சர்வர் விழவேயில்லை. ஏப்ரலில் வெர்லின் தயங்கித் தயங்கி வந்தார். "மத்த ரெண்டு சர்வருக்கும் அதே மாதிரி வெச்சுடேன்."

"போன மாசமே வெச்சாச்சு" என்று சொல்லிவிட்டு, மார்லிஸ் நிம்மதியாக மீன் டப்பாவைத் திறந்தார்.