நாற்பத்தொன்று, நாற்பத்தேழு

பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். பிறகு கீழிருந்து மேலாக. மூன்றாம் முறை ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அளவுகோலை வைத்து, வாய்விட்டுச் சொன்னார். "பன்னெண்டு... பன்னெண்டு. முப்பத்தாறு... முப்பத்தாறு." அதற்குப் பிறகும் கையெழுத்துக்கு அனுப்ப மனம் வரவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நான்காம் முறை தொடங்கினார்.

ஹாக்கி சங்க அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'லிஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்தாறு. மைதானத்தின் படிக்கட்டு இருக்கைகளுக்கு அடியில், கூரை சரிந்து இறங்கும் அறை. அவர் முதுகுப் பக்கச் சுவரில் வெளியே பயிற்சி செய்கிறவர்களின் பந்து வந்து மோதிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மோதலுக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அசையவில்லை. ஆனால் தொலைபேசி ஒருமுறை அடித்ததும் அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

அன்று அவர் கையில் இருந்தது பையன்கள் பட்டியல். பெண்களுக்கு அடுத்த மாதம். பதினான்கு வயதுக்குட்பட்டவர்கள் இருநூறு பேர் வருவார்கள். எண் எழுதிய துணியைச் சட்டையில் குத்திக்கொண்டு மூன்று நாள் ஆடுவார்கள். பதினெட்டுப் பேருக்கு விடுதியில் தங்கிப் பயில இடம். தேர்வாளர்கள் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். பதிவேட்டைப் பார்த்து அந்த எண்ணுக்குரிய பெயரைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டுவது அக்காவின் வேலை.

நான் போனது வேறு காரியமாக. இப்படிப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆகிறார்கள் என்று பத்திரிகைக்கு எழுத விவரம் கேட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பேர் மட்டும் போட்டுடாதீங்க தம்பி," என்றார்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தலைமைத் தேர்வாளர் ஒன்று என்ற எண்ணை எழுதினால் அதன் தலையில் ஒரு கொக்கி இருக்கும். ஏழு போலவே தெரியும். அவர் எழுதியது நாற்பத்தொன்று. அக்கா படித்தது நாற்பத்தேழு. நான்கு நாள் கழித்து, மதிப்பெண் தாள்களைக் கோப்பில் கோக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. நாற்பத்தொன்றுக்கு நான்காம் இடம். நாற்பத்தேழுக்கு நூறுக்கும் பின்னால்தான் இடம். அதற்குள் நாற்பத்தேழாம் எண்காரி பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவளுடைய அப்பா, லாரி ஓட்டுநர், அலுவலகத்துக்கே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அப்ப நான் தற்காலிகம். என் வேலையை நிரந்தரமாக்குற ஃபைல் அந்த சார் மேஜையிலதான் கெடக்கு. சொல்லிடலாம்னு அவர் ரூம் வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். கால் உள்ள போகலை."

யாராவது தானாகக் கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தார். முதல் வாரப் பயிற்சியில் இன்னொரு தேர்வாளர், "இந்தப் பொண்ணு யாரு, எனக்கு ஞாபகமே இல்லையே" என்று கேட்டாராம். தலைமைத் தேர்வாளர் விட்டுக்கொடுக்கவில்லை. "நான்தான் எடுத்தேன். அவ மணிக்கட்டைப் பாருங்க." அன்றிலிருந்து எல்லோரும் அவள் மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் இருபது வயதுக்குள் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். மூன்று பேர் உள்ளூர் அணிகளோடு நின்றுபோனார்கள். நாட்டுக்காக ஆடுகிறவள் ஒருத்திதான். நாற்பத்தேழு.

"விட்டுப்போன பொண்ணும் அந்தப் பதினாலுல ஒண்ணாத்தான் ஆகியிருப்பாள்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். மத்தியானம் வரைக்கும் தாங்கும் அது. அப்புறம், ஒருவேளை இவளைவிடப் பெரிய ஆளா வந்திருப்பாளோன்னு ஒரு நினைப்பு வரும். சோறு இறங்காது."

போன மாதம் ஒரு பெண் தன் சகோதரி மகளுக்காக விண்ணப்பம் கொடுக்க வந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். பாதுகாவலர் என்ற இடத்தில் எழுதியிருந்த பெயர் அக்காவுக்குப் பதினோரு ஆண்டாக மனப்பாடம். நாற்பத்தொன்று.

"எனக்குத்தான் ஆட்டம் வரலை. இவளுக்காவது வரட்டும்னு," என்று சிரித்தாள் அவள்.

அந்த 'வரலை'யைக் கேட்டதும் அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் கத்தவில்லை. "நான் எத்தனாவது?" என்றாள்.

"நாலாவது."

விண்ணப்பத்தில் தன் பெயர் மேல் விரலை வைத்தாள். "லிஸ்ட்ல பேர் இல்லைன்னதும் அப்பா சொன்னாரு, உனக்குக் கால் வேகம் பத்தலைம்மான்னு. இன்னைக்கும் பஸ்ஸுக்கு ஓடுறப்ப எனக்கு அதான் ஞாபகம் வரும்." பிறகு சொன்னாள்: "இதை எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு. யார்கிட்டயும் காட்ட மாட்டேன். எனக்கு வேணும்."

அக்கா ஒரு மாதம் இழுத்தடித்தார். அந்தத் தலைமைத் தேர்வாளர் இன்று சங்கத்துக்கே தலைவர். ஓய்வுபெற அக்காவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. தாள் வெளியே போனால் வேலை போகும். அதைவிடப் பெரிய பயம் வேறு. "அந்த நாப்பத்தேழு என்ன பாவம் பண்ணுச்சு? நீ தப்பா வந்தவன்னு நாலு பேர் சொல்லிட்டா அது எப்படி மைதானத்துல நிக்கும்?" கணவர் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறாராம்.

"அப்படி இருந்துதானே பார்த்தேன்," என்றார் என்னிடம்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணை அன்று வரச் சொல்லியிருந்தார் அக்கா. பரிசோதனை நிலையத்தின் வெள்ளை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் அவள் வந்து நின்றாள். அக்கா இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தார். கையால் எழுதிய நான்கு வரி. கீழே முழுப் பெயர், பதவி, தேதி. நீட்டினார். அவள் மறுமுனையைப் பிடித்தாள். அக்காவின் விரல்கள் விடவில்லை. அவள் இழுக்கவும் இல்லை. பிறகு அக்காவின் கட்டைவிரல் விலகியது. மற்ற விரல்கள் அதன் பின்னால், ஒவ்வொன்றாக.