தேங்காய் எழுந்து நின்ற இரண்டு இடங்கள்

போர் நடந்த ஊரை விட்டு வந்து முப்பது வருசத்துக்கு மேலான ஒருத்திக்கு, தலைக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் அண்ணாந்து பார்க்கும் ஆசை எப்போது வரும்?

பரமத்தி வேலூர்ப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாமில் வாழும் தவராணிக்கு அந்த ஆசை வந்ததே இல்லை. சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். மன்னாரில் இளவயதில் பழகியது. கல்யாண வெடி, லாரி டயர் வெடிப்பது, எதுவானாலும் அதே இடம்தான். அடிக்கடி போகிற இடமாகிவிட்டதால் அங்கே ஒரு தலையணை, ஒரு விசிறி, ஒரு முறுக்கு டப்பா வைத்திருந்தாள்.

அவள் வெற்றிலை கிள்ளப் போகும் கொடிக்கால் மயிலம்மாளுடையது. "ஏ ராணி, உன்ற ஊட்டுல கட்டிலுக்கு அடியில மட்டுந்தான் தூசியே இல்ல" என்பாள் மயிலம்மாள்.

"ஓமுங்க அக்கா. நீங்களும் ஒருநாள் வாங்கோ, ரெண்டு பேர் படுக்கலாம்."

இப்படிச் சிரித்துக்கொண்டே நாமக்கல் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரையும் பார்த்து வந்தாள். மாத்திரையில் தூக்கம் திரும்பியது. கட்டிலடி மட்டும் விடவில்லை. அதைக் கோழைத்தனம் என்று சொன்னால் அது அவசரப்பட்ட பேச்சு.

போன கோடையில் முகாமின் போர்வெல் வற்றியது. புதிதாக ஒன்று போட திருச்செங்கோட்டு ரிக் லாரியைப் பேசினார்கள். ரிக் ஓடினால் அக்கம்பக்கத்துப் பாத்திரமெல்லாம் ஆடும். அன்றைக்குத் தவராணியைக் கரூரிலிருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவது என்று முகாமே கூடி முடிவு செய்தது. அவளும் பையைக் கட்டி வைத்தாள்.

முந்தின நாள் நீரோட்டம் பார்க்கப் பொன்னன் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தார். வாசல் கேட்டருகே தேங்காய் எழுந்து நின்றது. பிறகு தவராணி வீட்டுப் பின்சுவரை ஒட்டி இன்னொரு தரம் நின்றது.

"ரெண்டும் ஒரே ஓட்டந்தானுங்க. எங்க போட்டாலும் தண்ணி."

"அப்ப கேட் கிட்டயே போட்ரலாமுங்க" என்றான் ரிக் மேனேஜர் கோகுல்ராஜ். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"பின்னால போடுங்க தம்பி" என்றாள் தவராணி.

மயிலம்மாள் பதறினாள். "கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? செவுத்துக்கு அந்தப்பக்கம் உன்ற கட்டிலு!"

"கட்டிலை வெளிய எடுக்கலாந்தானே அக்கா."

மறுநாள் காலை கட்டில் வேப்பமரத்தடியில் கிடந்தது. ரிக் ஆட்கள் அதில் உட்கார்ந்து அவள் போட்ட தேநீரைக் குடித்தார்கள். கட்டிய பை அவிழ்க்காமல் திண்ணையில் ஒரு மூலையில் இருந்தது.

"ஆரம்பிக்கலாமுங்களாம்மா?" என்றான் கோகுல்ராஜ்.

தவராணி தலையசைத்தாள். கம்ப்ரசர் உறுமியது. சாம்பல் நிறத் தூள் பறந்தது. துளையை யாரும் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் அவள் மேல்தான். அவள் மயிலம்மாளின் கையை இறுக்கிப் பிடித்தாள். இரண்டு வளையல் உடைந்தது.

"வலிக்குதாக்கா?"

"கெடக்குது, நீ புடி சாமி."

உச்சி வெயிலில் தண்ணீர் பீய்ச்சியடித்தது. சேற்றில் நனைந்து எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அப்போதுதான் தவராணி மயிலம்மாளின் கையை விட்டாள்.

"ஏன்டி அந்த எடத்தக் காட்டுன?" என்று கேட்டாள் மயிலம்மாள்.

"தேங்காய் எழும்பினதே அக்கா."

"கேட் கிட்டயுந்தான் எந்திரிச்சுது."

தவராணி கட்டிலடி முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினாள். "இனி இது வெளியிலயே இருக்கட்டும் அக்கா."