தால்கே என்று மூன்று பேர்

இது நடந்தது. 1981 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அயோவாவில் எங்கள் ஊர் லுத்தரன் தேவாலயத்துக்கு வந்து அடக்கப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் மூத்தவள் மார்லிஸ் இரண்டு நாள் காய்ச்சலில் போய் ஓராண்டு ஆகியிருந்தது. ஒரு வயது, ஏழு மாதம். அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள். பிறக்கப்போவதும் பெண்ணாக இருந்தால் அதே பெயரை வைக்கலாம் என்றார் என் கணவர் ஹார்லன்.

"எங்க ஐலர்ட்ஸ் குடும்பத்துல அப்படித்தான், லவோன். பேரை விட்டுட மாட்டாங்க."

"அவ என்ன கிழிஞ்ச சட்டையா, அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிக்க?"

அந்தக் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்று எழுத்தில் காட்டிவிட வேண்டும். வீம்புதான், வேறென்ன. ஜெர்மனியிலிருந்து வந்த அவருடைய முன்னோரைத் தேடக் கிளம்பினேன்.

நூலகத்தில் 1900ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கு இருந்தது. ஐலர்ட்ஸ் குடும்பத் தலைவரின் மனைவி கெஸ்கே: பெற்றவை ஒன்பது, உயிரோடு ஆறு. கடைசி மகள் தால்கே, வயது எட்டு. ஆனால் ஹார்லனிடம் இருந்த ஞானஸ்நானச் சீட்டில் தால்கே பிறந்தது 1884. பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். கணக்கெடுக்க வந்தவன் பீர் குடித்துவிட்டு எழுதியிருப்பான் என்று 1884 என்றே குறித்துக்கொண்டேன். சரி, செத்த மூன்று பேர் யார்? 1890 கணக்கு தீ விபத்தோடு போய்விட்டது. இடையில் பிறந்து இடையிலேயே போன பிள்ளைகளுக்கு அடக்கப் பதிவேட்டை விட்டால் வேறு சாட்சி இல்லை.

பகல் 2.10. தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்வில், பக்கத்து அறை மேஜையில் பதிவேட்டை வைத்தார்.

"ஏம்மா, வயித்துப் பிள்ளையோட இந்தப் பனியில வரணுமா? செத்தவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க."

"நாலு மணிக்குள்ள முடிச்சிடுவேன்."

வாசற்கதவு காற்றில் திறந்துகொள்ளும் என்று வெளியே பூட்டிவிட்டுப் பனி வாரப் போனார்.

பழைய ஜெர்மன் கையெழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தால்தான் உண்டு. படித்துக்கொண்டே போனேன். ஃபோல்கர்ட், எழுபத்தொரு வயது. ஹைன்ரிக், நாற்பது.

3.05. "தால்கே ஐலர்ட்ஸ். ஒரு வயது, பதினோரு மாதம், நான்கு நாள். 1886."

தேவாலயத்துக்குள் பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது.

பிறகு... தட், தட், தட். சின்னக் கால்கள். ஓடிவந்து அறைக் கதவருகே நின்றன.

எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. குளிரில் மரம் சத்தம் போடும் என்று சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இன்னும் பன்னிரண்டு பெயர்கள் படித்தேன். ஒரு சத்தமும் இல்லை.

3.22. "தால்கே ஐலர்ட்ஸ். இரண்டு வயது, ஒரு மாதம். 1889."

அதே பெயர். அதே தகப்பன். ஹார்லன் சொன்னது நிஜம்தான். கணக்கெடுத்தவன் குடிக்கவில்லை.

தட், தட்... இம்முறை இரண்டு ஜோடிக் கால்கள்.

3.31. மனதுக்குள் படிக்கப் பார்த்தேன். உதடு கேட்கவில்லை.

"தால்கே ஐலர்ட்ஸ். 1891. ஒரு வயது... ஏழு மாதம்."

என் மார்லிஸின் வயது.

மூன்று ஜோடிக் கால்கள் வந்தன.

கதவில் தட்டினார்கள். என் முழங்கால் உயரத்தில்.

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது...

காத்திருந்தார்கள்.

பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. "நான் உங்கம்மா இல்லம்மா" என்றேன்.

பிறகு கால்கள் திரும்பிப் போயின. ஓடவில்லை. நடந்தே போயின.

நான்கு மணிக்கு ஆர்வில் கதவைத் திறந்தார்.

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"சாவி என் பையில இருக்கு. யாரு வருவா?"

அன்று சாயங்காலமே ஹார்லனின் உறவில் ஹில்கா அத்தைக்குப் போன் செய்தேன். எட்டு வயதென்று கணக்கில் இருந்தாளே, உயிரோடு வளர்ந்த நாலாவது தால்கே, அவளுடைய மகள். எனக்கு நடந்ததைச் சொல்லவில்லை. அவள் அம்மாவைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"எங்கம்மாவ வீட்ல யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எங்கப்பாகூட 'இங்க பாரு'ன்னுதான் சொல்வாரு."

"ஏன் அத்தை?"

"சின்ன வயசுல அவங்கம்மா கெஸ்கே வாசல்ல நின்னு 'தால்கே'ன்னு கூப்பிட்டா எங்கம்மா ஓடுவாளாம். இவளுக்கு முன்னாடி மூணு பேர் ஓடுவாங்களாம். இவ வளர்ந்துட்டா. அவங்க மட்டும் வளரவே இல்லையாம்."

"கெஸ்கேக்கு அது தெரியுமா?"

"தெரியாமலா? இவ பக்கத்துலயே உக்காந்திருப்பா. அப்பவும் கெஸ்கே தினமும் வாசல்ல போய் நின்னு கூப்பிடுவாளாம்."

ஏப்ரல் 20, காலை 6.40. பெண் பிறந்தாள். ஹார்லன் என் முகத்தைப் பார்க்கவே பயந்துகொண்டு நின்றார். பாவம், வேறு நாலு பெயர்களை எழுதி எடுத்து வந்திருந்தார்.

"மார்லிஸ்" என்றேன்.

குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். இன்னும் தவழவில்லை. சாயங்காலம் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சமையலறையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். மாடியில் சின்னக் கால்கள் ஓடுகின்றன. படியில் இறங்கி, என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன. மூச்சு வாங்குகிறது.

நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.