கரடியின் முதுகுக்குப் பின்னால்

கரடித் தலைக்குள் இருப்பவனுக்குக் கண் கிடையாது. உருண்டையான கண்ணாடிக் கண்கள் வெளியே இருப்பவர்களுக்காக. உள்ளே இருப்பவன் கரடியின் வாய் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பல்வரிசைக்குப் பின்னால் ஒரு கறுப்பு வலை, அந்த வலையில் எதிரே நிற்பவர்களின் முகமும் நெஞ்சும் தெரியும். அவ்வளவுதான். அண்ணாந்தால் தலை பின்னால் சரியும், சட்டென்று திரும்பினால் கரடி ஒரு பக்கம் பார்க்க, அவன் ஒரு பக்கம் பார்ப்பான்.

கால்பந்து கிளப் ஒன்றின் ஆட்டங்களில் கரடி வேஷம் போட்டுக் கூட்டத்தைக் குஷிப்படுத்துவது அவன் வேலை. அங்கே அவனுக்குப் பெயரே கரடி என்று ஆகிவிட்டது. அதற்கு முன்பு குடோனில் பெட்டி ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். குள்ளமாக, தொப்பையோடு, துள்ளிக் குதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கிளப்பில் கேட்டபோது, உடன் வேலை செய்தவர்கள் கேலிக்காகத்தான் அவனை அனுப்பிவைத்தார்கள். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எல்லாருக்கும் மூளையைப் பாத்து வேலை குடுப்பாங்க. உங்களுக்குத்தாங்க தொந்தியைப் பாத்துக் குடுத்திருக்காங்க!"

ஆனால் அவன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வேஷத்துக்குள் பேசக் கூடாது, குழந்தைகள் கண்ணெதிரே தலையைக் கழற்றக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். வெயில் நாட்களில் உள்ளே வேர்வை ஆறாக ஓடும். ஆட்டம் முடிந்ததும் கரடித் தலையைக் கவிழ்த்து, டேபிள் ஃபேனுக்கு எதிரே காயவைத்து, பல்லை ஈரத் துணியால் துடைப்பான். குழந்தைகள் கரடியின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தங்கள் ரகசியங்களைச் சொல்வார்கள். பரீட்சையில் கோட்டை விட்டது, அம்மா அப்பா சண்டை, பல் விழுந்தது எல்லாம் அந்த வயிற்றுக்குள் போகும். அவன் தொப்பையைக் குலுக்குவான். அதுதான் பதில்.

குடும்பத்தாருக்கான வரிசையில் அவன் மகளும் அண்ணனும் உட்கார்ந்திருப்பார்கள். மகளுக்கு ஏழு வயது. கரடி யார் என்று தெரிந்தும் பள்ளியில் மூச்சு விடாதவள்.

அண்ணன் கதை வேறு. ஒரு காலத்தில் நல்ல லிஃப்ட் மெக்கானிக், கை வைத்தால் எந்தப் பழைய லிஃப்டும் ஏறும். அந்தக் கையில் போன் வந்தது, போனில் பந்தயம் வந்தது. எந்த அணி முதல் கோல் போடும், யாருக்கு மஞ்சள் அட்டை என்று தட்டித் தட்டியே வீடு போனது, வேலை போனது, மனைவி பிள்ளையை அழைத்துக்கொண்டு தாய்வீடு போனாள். இப்போது தம்பி வீட்டு முன்னறையில் கட்டில், சட்டைப்பையில் ஒரு பட்டன் போன். கடைசியாகப் பந்தயம் கட்டி இரண்டு வருடம் ஆகப்போகிறது. மைதானப் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர்.

"நான் எங்க ஆட்டம் பாக்கறேன் டாக்டர்?" என்றார் அண்ணன். "எங்க கரடியைப் பாக்கறேன்."

அது உண்மைதான். சுற்றிலும் விளம்பரப் பலகைகள், வீரர்களின் நெஞ்சிலும் பந்தயக் கம்பெனியின் பெயர். பந்து உருளும் நேரத்தில் அண்ணன் தலையைக் குனிந்து தம்பி மகளோடு கதை பேசிக்கொண்டிருப்பார். இடைவேளையில் கரடி வரும்போதுதான் நிமிர்வார். மைதானத்தில் அவர் பயமில்லாமல் பார்க்க முடிந்த ஒரே இடம் அந்தத் தொப்பை.

அதனால்தான் கிளப்புக்கு விளம்பரப் பணம் கொடுக்கப் புதுப் பந்தயக் கம்பெனி வந்தபோது தம்பி கிளப் மேனேஜரிடம் போய் நின்றான்.

"சார், சட்டையில போடுங்க, சுவத்துல போடுங்க. என் கரடி மேல மட்டும் அந்தப் பேர் வேணாம் சார். குழந்தைங்க கட்டிப்பிடிக்கிற உடம்பு அது."

மேனேஜர் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். "என்ன தம்பி, எனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா? ஒரு எழுத்து வராது. என்னை நம்பு."

நம்பினான். அந்த வருடப் போட்டிகள் தொடங்கும் முன் அவனுக்குப் புது நடனம் சொல்லிக்கொடுக்கக் கிளப்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன சைகைதான். இடது உள்ளங்கையில் வலது விரலால் இரண்டு தட்டு, பிறகு காற்றில் எதையோ மேலே வீசி, இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். "பசங்களுக்குச் சட்டுனு ஒட்டிக்கும்ணா" என்றாள். அவனுக்கும் பிடித்திருந்தது. பிடிக்கும்போது தொப்பை ஒரு துள்ளு துள்ள வேண்டும் என்று அவனே ஒன்றைச் சேர்த்தான். அந்தப் பெண் கைதட்டினாள்.

அன்று வீட்டுக் கூடத்தில் அதைச் செய்துகாட்டினான். மகள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வீசினார், பிடிக்கத் தவறியதுபோல் நாற்காலியில் சரிந்தார்.

"அப்படி இல்லண்ணா, நெஞ்சுல அணைக்கணும்!" என்று தம்பி அவர் கைகளைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். மனைவி வாசற்படியில் நின்று, "ஒரு வீட்டுக்கு ஒரு கரடி போதும்னு நினைச்சேன்" என்றாள். அண்ணன் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் ஆட்டத்திலேயே குழந்தைகள் வரிசை வரிசையாகத் தட்டினார்கள். வலைக்குள்ளிருந்து பார்த்தவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த ஆட்டத்தில் மைதானத்தின் பாதி தட்டியது. அதற்கடுத்த ஆட்டத்துக்கு அண்ணன் வரவில்லை.

"முட்டி வலிடா" என்றார்.

அதற்குப் பிறகும் முட்டி வலிதான். சாப்பாட்டுத் தட்டைக் கட்டிலுக்கே எடுத்துப் போனார். தம்பி பேச்சுக் கொடுத்தால் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"உங்க அண்ணனுக்கு முட்டியில இல்லங்க வலி" என்றாள் மனைவி. "நீங்க என்ன செஞ்சீங்க?"

"நான் என்ன செஞ்சேன்?"

மகள்தான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே சொன்னாள். "அப்பா, நீ தட்டும்போது பெரியப்பா கண்ணை மூடிக்கிட்டாரு. பின்னாடி பெரிய ஸ்க்ரீன்லயும் ஒரு போன் வந்து உன்கூடவே தட்டும்ல, அப்போ."

"எந்தப் போன்?"

"உனக்குத் தெரியாதா?" அவள் பென்சிலை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரியுமே."

மறுநாள் விடுமுறை. ஆனாலும் மைதானத்துக்குப் போனான். திரை ஓட்டுகிற ஊழியர் நண்பர்தான், கேட்டதும் போட்டுக்காட்டினார். தலையில்லாமல், சொந்தக் கண்ணோடு, ஆளில்லாத குடும்ப வரிசையில் உட்கார்ந்து அவன் முதல் தடவையாக அதைப் பார்த்தான். திரையில் ஒரு கை, கையில் போன். விரல் இரண்டு முறை தட்டியது. போனிலிருந்து பணம் மேலே பறந்தது. யாரோ அதை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்தார்கள். அணைக்கும்போது ஒரு தொப்பை துள்ளியது. கடைசியில் கம்பெனியின் பெயர். அவன் சேர்த்த துள்ளல்கூட விட்டுப்போகவில்லை.

இத்தனை நாள் அவன் முதுகுக்குப் பின்னால் இது ஓடியிருக்கிறது. ஊரே பார்த்திருக்கிறது, ஆடியவன் மட்டும் பார்க்கவில்லை.

மேனேஜர் கோபப்படவில்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது.

"தம்பி, நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தலையா? உன் கரடி மேல எங்கயாவது ஒரு எழுத்து இருக்கா, காட்டு."

"சார், அது கரடி மேல இல்ல. குழந்தைங்க கையில இருக்கு."

"கை சும்மா காத்துலதானே தட்டுது? காத்துக்கு ஏது பேரு?" என்று சிரித்து, அவன் தோளைத் தட்டினார். இரண்டு தட்டு.

வீட்டுக்கு வந்ததும் நேரே முன்னறைக்குப் போனான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா, எனக்குத் தெரியாதுண்ணா. அந்தத் தலைக்குள்ள இருந்தா பின்னாடி எதுவும் தெரியாது. சத்தியமா."

அண்ணன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "நீயும் அவங்களோட சேந்துட்டேன்னு நினைச்சேன்" என்றார். "சரி, தம்பிக்கும் குடும்பம் இருக்கு, சோறு போடறவன்கிட்ட என்ன கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?" அண்ணன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "இது எப்படி இருக்கு தெரியுமாடா? தூக்கத்துல தட்டுது. நீ சொல்லிக்குடுத்தப்போ உள்ள ஏதோ குறுகுறுன்னுச்சு. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"அடுத்த ஆட்டத்துக்கு வாண்ணா. நான் தட்ட மாட்டேன். நீ கண்ணால பாக்கணும்."

அண்ணன் வந்தார்.

இடைவேளையில் கரடி வழக்கமான இடத்தில், குடும்ப வரிசைக்கு எதிரே, திரைக்கு முதுகைக் காட்டி நின்றது. இசை தொடங்கியது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஒரு நொடி மைதானமே குழம்பியது. பிறகு ஒரு கீச்சுக் குரல் கேட்டது. "கரடி, மறந்துட்டியா? இப்படி!" குழந்தைகள் எழுந்து நின்றார்கள். மறந்துபோன கரடிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல் மெதுவாக, அழுத்தமாகத் தட்டினார்கள். இதுவரை இவ்வளவு சேர்ந்து அவர்கள் தட்டியதில்லை.

வலை வழியே அவன் மகளைத் தேடினான். வேண்டாம் என்று வீட்டில் அத்தனை முறை சொல்லியிருந்தான். அவளும் தலையாட்டியிருந்தாள். ஆனால் சுற்றிலும் எல்லோரும் தட்டும்போது ஏழு வயதுக் கை என்ன செய்யும்? பாதித் தட்டில் அப்பாவின் நினைவு வந்து நிறுத்துவாள், மறுபடி தட்டுவாள்.

அவளுக்குப் பக்கத்தில் அண்ணன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு, அவற்றின் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார். கண்கள் கரடியின் தலைக்கு மேலே, திரையில் இருந்தன.

அவன் தடுப்பைத் தாண்டினான். யாரோ மைக்கில் கரடியை இடத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். திரும்பவில்லை. தட்டுத் தடுமாறிப் படியேறி அண்ணனுக்கு நேர் எதிரே போய், அவர் முகத்தில் தொப்பை முட்டும் அளவுக்கு நெருங்கி, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றான். இப்போது அவருக்குத் தெரிவது பழுப்பு ரோமம் மட்டும்தான்.

"நகரு கரடி, மறைக்குது!" என்று பின்வரிசைக் குழந்தைகள் கத்தினார்கள்.

அவன் நகரவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கும் விசில் வரைக்கும் அப்படியே நின்றான். முதுகுக்குப் பின்னால் மைதானம் முழுவதும் தட்டிக்கொண்டிருந்தது.